அம்மை வந்த வீட்டில் கஞ்சா லேகியம்

போன வாரம் ஊரெல்லாம் காய்ச்சல் பரவியிருந்தபோது, சந்திக் கடையில் யாரோ ஒருவர், கஞ்சா சேர்த்த லேகியத்தைத் தின்றால் எந்த வைரஸ் காய்ச்சலும் ஓடிவிடும் என்று சொன்னாராம். மகள் அதைக் கேட்டுக்கொண்டு வந்து, உண்மையா என்று என்னிடம் கேட்டாள். பக்கத்தில் இருந்த மகன், "அப்பாவுக்கு எப்படிடீ தெரியும், அப்பா ஒம்பதாம் வகுப்பு" என்றான்.

நான் ஒன்பதாம் வகுப்புத்தான். ஆனால் இது எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் அதைத் தின்றிருக்கிறேன். வாயால் சொன்னால் நீங்கள் இருவரும் நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவீர்கள் என்பதால் எழுதித் தருகிறேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில், மாடியில் கொழுந்து வாட்டும் வேலையில் இருந்தேன். உங்கள் அம்மாவுக்கு ஏழு மாதம். தலைப் பிரசவம் தாய் வீட்டில்தான் என்று கொஸ்லந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வயிற்றில் இருந்தது நீதான், மகளே. ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்து வரிசையில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நான் தனியாக இருந்தேன். அடுத்த காம்பராவில் என் அக்கா குடும்பம். சாப்பாடு அங்கே.

ஒரு நாள் வேலையிலிருந்து வரும்போதே இடுப்பு முறிகிற மாதிரி வலி, காய்ச்சல். கூட்டாளி ஒருத்தன், எங்கள் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் பகுதியில் இருந்தவன், தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுக்கும் மருந்துக் காம்பராவுக்குப் போய்க் காய்ச்சல் என்று சொல்லி ஒரு அட்டை பனடோல் வாங்கி வந்தான். மறுநாள் காலையில் என் நெஞ்சில் முத்து முத்தாக நாலைந்து கொப்புளம். அக்கா சட்டையை விலக்கிப் பார்த்தாள். அடுத்த நிமிடமே அவள் குரல் மாறிப்போனது.

"அம்மா வந்திருக்கு தம்பி. எங்கேயும் சொறியாத. அம்மாவ நெனச்சுக்கிட்டுப் பேசாமப் படு."

அம்மை வந்தால் அது நோயல்ல, மாரியம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்பது எங்கள் வழக்கம். வாசலில் வேப்பிலை. அடுப்பில் எண்ணெய் காயக் கூடாது, தாளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, வெளியாட்கள் வரக் கூடாது. மூன்று முறை வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அம்மன் இறங்கிப் போவாள். எல்லாவற்றுக்கும் மேலே, மருந்து கூடாது. அக்கா அந்தப் பனடோல் அட்டையை எடுத்துப் பெட்டிக்குப் பின்னால் போட்டுவிட்டாள். சாமி இருக்கிற உடம்பில் மருந்து போனால் அவளுக்குக் கோபம் வந்துவிடுமாம். நோயே இல்லை என்கிறபோது மருந்துக் காம்பராவுக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை.

சின்ன வயதில் வந்தால் அம்மை விளையாட்டாகப் போய்விடும். இருபத்தாறு வயதில் வந்தால் அப்படி இல்லை. உள்ளங்கால் வரை எரிச்சல். அரிப்பில் சுவரில் முதுகைத் தேய்க்கப் போனால், அக்கா விளக்குமாற்றைக் காட்டுவாள்.

எங்கள் தோட்டத்து உயரத்தில் வேப்பமரம் கிடையாது. கூட்டாளிதான் பதுளை டவுனுக்குப் போய் ஒரு பை நிறைய வேப்பிலை கொண்டுவந்தான். அவனுக்குச் சின்னதிலேயே அம்மை வந்து போனதால் பயமில்லாமல் உள்ளே வந்தான். வந்ததும் என்னைப் பார்த்து,

"என்னடா மச்சான், மூஞ்சி பலாப்பழம் மாதிரி இருக்கு. கீறிப் பாத்தா சொள இருக்குமா?" என்றான்.

பையில் வேப்பிலைக்கு அடியில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் கன்னங்கரேல் என்று ஒட்டிக்கொள்ளும் உருண்டைகள். வாசம் ஏலக்காய் மாதிரியும் இருந்தது, ஈரப் புல்லை எரித்த மாதிரியும் இருந்தது.

"இது என்னடா?" என்றேன்.

"நாட்டு மருந்துக் கடையில குடுத்தாங்க. கஞ்சா போட்டுக் கிண்டுன லேகியம். அரிப்பு, காச்சல், கவல, எல்லாத்துக்கும் ஒன்னுதான்."

அக்கா வாசலில் இருந்தே கேட்டுவிட்டாள். "மருந்துன்னா வெளிய கொண்டு போ."

"மருந்தில்லக்கா. நெய்யி, கித்துள் பாணி, சாதிக்கா. திங்கிற பண்டம். வேணுமின்னா சாமிகிட்ட வச்சுட்டுக் குடுங்களேன்."

அக்கா யோசித்தாள். நெய்யும் கித்துள் பனையின் பாகும் சாமிக்கு ஆகாதா என்ன. பிறகு அந்த உருண்டைகளை மாரியம்மன் படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் வைத்துக் கற்பூரம் காட்டினாள். அந்த நிமிடத்திலிருந்து அது லேகியம் இல்லை, பிரசாதம். ஒரு வேப்பிலையோடு சேர்த்து என் கையில் கொடுத்தாள். நான் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றேன்.

ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அரிப்பு மெல்ல மெல்ல நகர்ந்து, கீழ் லயத்தில் பாடும் றேடியோ மாதிரித் தூரத்துக்குப் போய்விட்டது. இருக்கிறது, ஆனால் எனக்கில்லை. பசி வந்தது. கஞ்சியும் வெங்காயமும் மூன்று முறை வாங்கிக் குடித்தேன். தகரக் கூரையில் மழை பெய்வதைக் கேட்டுச் சிரித்தேன். எதற்கென்று அக்கா கேட்டதற்கு, தகரத்தில் யாரோ கொழுந்து கொட்டுகிறார்கள் என்று சொன்னேனாம்.

"ஆத்தா மனசு எறங்கிட்டா" என்றாள் அக்கா. தினம் இரண்டு உருண்டை. காய்ச்சல் விட்டுவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். நானும் சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

முதல் தண்ணீர் ஊற்றியாயிற்று. ஆறாம் நாள் கொஸ்லந்தையிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் அம்மாவின் கையெழுத்து. கிளினிக்கில் பார்த்தார்களாம், பிள்ளையின் தலை மேல் பக்கம் இருக்கிறதாம், திரும்பாவிட்டால் ஆப்பரேஷன் செய்ய வேண்டி வரலாமாம். பயமாக இருக்கிறது, ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் என்று எழுதியிருந்தாள். எனக்கு அம்மை வந்தது அவளுக்குத் தெரியாது.

நான் எழுந்து உட்கார்ந்தேன். உடம்பு காற்று மாதிரி இருந்தது. அக்காவைக் கெஞ்சி, இரண்டாம் தண்ணீரையும் மூன்றாம் தண்ணீரையும் ஒரே காலையில் ஊற்ற வைத்தேன். அவள் முணுமுணுத்துக்கொண்டேதான் ஊற்றினாள். பிரசாதத்தில் மிச்சம் ஒரு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, முழுக்கைச் சட்டை மாட்டி, முகம் பாதி மறையத் துண்டைப் போட்டுக்கொண்டு, சந்திக்கு இறங்கிப் பஸ் ஏறினேன். பதுளைக்குப் போய், பண்டாரவளை பஸ் பிடித்து, அங்கிருந்து கொஸ்லந்தைக்குப் போவதாக ஏற்பாடு.

அடுத்த தரிப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. எனக்கும் ஒரு பிள்ளை வரப்போகிறதே என்ற சந்தோஷத்தில் விரலைக் கொடுத்து விளையாடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தட்டியது.

மருந்துக் காம்பராவுக்குப் பொறுப்பான ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். டொக்டர் இல்லை, ஆனால் தோட்டமே அவரை டொக்டர் ஐயா என்றுதான் கூப்பிடும். பதுளை ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தார். அவர் பார்வை என் காதுக்குப் பின்னால், துண்டு மறைக்காத கொப்புளங்களில் இருந்தது.

"இறங்கும்" என்றார் மெதுவாக.

"ஐயா, கொஸ்லந்தைக்கு..."

"முதல் இறங்கும். பிறகு கதைப்பம்."

சத்தம் போட்டிருந்தால் பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் என் மானம் போயிருக்கும். அவர் போடவில்லை. கண்டக்டரிடம் அந்தப் பெண் தோட்டத்தின் எந்த டிவிஷன் என்று மட்டும் கேட்டுக்கொண்டு என்னோடு இறங்கினார். ஒரு மைலுக்கு மேல் தேயிலை மலை வழியாக நடந்தே திரும்பினோம். அவருடைய அன்றைய வேலை கெட்டது. அதையும் நடக்க நடக்கச் சொல்லிக்கொண்டுதான் வந்தார்.

"எத்தினை நாள்?"

"ஆறு நாளுங்க ஐயா. மூணு தண்ணியும் ஊத்தியாச்சு. காச்சலே இல்ல."

"ஆர் சொன்னது காய்ச்சல் இல்லையெண்டு?"

"எனக்கே தெரியுதுங்களே."

கொஸ்லந்தையில் யார் என்று கேட்டார். சம்சாரம், எட்டு மாசம் நடக்குது என்றேன்.

"மனிசிக்கு முந்தி அம்மை வந்திருக்கோ?"

"இல்லீங்க. அவங்க வீட்டுல யாருக்கும் வந்ததில்லன்னு மாமியார் பெருமையா சொல்லுவாங்க."

அவர் நடையை நிறுத்திவிட்டார். பிள்ளைத்தாச்சிக்கு, அதுவும் பிரசவம் நெருங்கும் நேரத்தில் அம்மை தொற்றினால் தாய்க்கும் ஆபத்து, பிறக்கிற பிள்ளைக்கும் ஆபத்து என்றார். இரண்டு பேரையும் பார்க்கப் போகிறேன் என்று புறப்பட்டவனுக்கு, யாரோ நெஞ்சில் கையை வைத்துத் தள்ளிய மாதிரி இருந்தது.

மருந்துக் காம்பராவில் நாக்குக்கு அடியில் தெர்மோமீற்றரை வைத்தார். எடுத்துப் பார்த்தார். என்னிடமே காட்டினார். நூற்றிரண்டு. எனக்கு நம்ப முடியவில்லை. குளுகுளு என்று இருக்கிறேன், கண்ணாடிக் குழாய் நூற்றிரண்டு என்கிறது. சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார். "இது காய்ஞ்சது. இது நேத்தையது. இது இண்டைக்கு வந்தது" என்று விரலால் எண்ணினார். எனக்குத் தெரியாத என் முதுகில் அம்மன் இன்னும் இறங்கவே இல்லை.

"என்ன சாப்பிட்டனீர்?" என்றார். வாயில் வாசம் அடித்திருக்க வேண்டும்.

சொன்னேன். தட்டில் வைத்தது, கற்பூரம் காட்டியது, எல்லாம் சொன்னேன்.

"பனடோல் மருந்தெண்டு தொடமாட்டியள். உது மட்டும் மருந்தில்லையோ?"

கேட்டுவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிப் பேசினார். அவர் சொன்ன பெயர்களெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. எனக்கு விளங்கிய விதத்தில் உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஆள் சேர்க்கத் தப்புப் பறை அடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தப்புச் சத்தம் கேட்டால் லயம் லயமாக ஆட்கள் வந்து களத்தில் நிற்பார்கள், பிறகு மலைக்கு அனுப்புவார்கள். உடம்புக்குள் வைரஸ் நுழைந்தால் அப்படித்தான் உடம்பு தப்பு அடிக்கிறது. காய்ச்சல், வீக்கம், வலி எல்லாம் அந்தச் சத்தம். இரத்தத்தில் இருக்கிற காவல் அணுக்கள் அதைக் கேட்டுத்தான் கூடுகின்றன. கஞ்சாவில் இருக்கிற சில பொருட்கள் அந்தத் தப்பின் மேல் துணியைப் போட்டுவிடும். சத்தம் குறையும், நமக்குச் சுகமாக இருக்கும். ஆனால் களத்துக்கு வர வேண்டிய ஆட்களும் தாமதமாக, குறைவாக வரக்கூடும்.

"அப்ப எனக்குப் புதுசு புதுசா வர்றது அதனாலதானுங்களா?"

"அப்பிடி நான் சொல்ல மாட்டன். பெரியாக்களுக்கு அம்மை வந்தால் உப்பிடித்தான் நிண்டு வரும். உது கூட்டினதோ, கூட்டேல்லையோ, ஆருக்கும் வடிவாத் தெரியாது. உமக்குச் சுகம் வந்திட்டுதெண்டு உம்மை ஏமாத்தினது மட்டும் தெரியும்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. பின்னாளில் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் இதைப் பற்றி எங்கே கண்டாலும் நான் வாசித்துவிடுவேன். சில நோயில் காவல் அணுக்கள் அளவுக்கு மீறிக் கூடி நம் வீட்டையே உடைத்துவிடுமாம். அந்த இடத்தில் சத்தத்தைக் குறைப்பது நல்லதாகக்கூட இருக்கலாமாம். கஞ்சாவிலேயே போதை தருகிற பொருள் வேறு, தராத பொருள் வேறு என்கிறார்கள். கண்ணாடிக் குவளையிலும் எலியிலும் பார்த்திருக்கிறார்கள். மனிதனுக்கு வைரஸ் காய்ச்சல் வந்தால் இதைக் கொடுக்கலாம் என்று நான் வாசித்ததில் எந்த டொக்டரும் எழுதவில்லை. ஆகையால் மகளே, சந்திக் கடையில் சொன்னவருக்கு என்னை விட அதிகம் தெரிந்திருக்க நியாயமில்லை.

லேகியத்தை நிறுத்தியதும் தூரத்தில் இருந்த றேடியோ காதுக்குள்ளேயே வந்துவிட்டது. அடுத்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஐயா பனடோல் போடச் சொல்லியிருந்தார். அக்கா மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஐயாவே லயத்துக்கு வந்தார். அவருக்குச் சாமி நம்பிக்கை உண்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார்.

"பிள்ளை, லேகியத்தை அம்மனிட்டை வைச்சுக் குடுத்தனீர். இதையும் வைச்சுக் குடும். அவ வேண்டாம் எண்டால் என்னட்டைத் திருப்பித் தாரும்."

அக்கா மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் மாரியம்மன் படத்துக்கு முன்னால் தட்டில் இரண்டு வெள்ளை மாத்திரை, கற்பூரம், வேப்பிலை. நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் விழுங்கினேன். இப்போதும் எங்கள் லயத்தில் அம்மை வந்த வீடுகளில் அப்படிச் செய்கிற ஆட்கள் உண்டு. அது எங்கள் வீட்டில் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது.

பஸ்ஸில் இருந்த பெண்ணின் வீட்டையும் ஐயா தேடிப் போயிருக்கிறார். அவளுக்குச் சின்னதிலேயே அம்மை வந்திருந்ததாம். தாய்க்கு வந்திருந்தால் கைக்குழந்தைக்குக் கொஞ்ச மாதம் அந்தக் காவல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார். மூன்று வாரம் கழித்தும் போய்ப் பார்த்தார். குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை. அந்த மூன்று வாரம் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

கூட்டாளி குற்றவாளி மாதிரித் திரிந்தான். அவனைத்தான் கொஸ்லந்தைக்கு அனுப்பினேன். ஐயா அவனைத் தேய்த்துக் குளித்து, தோய்த்த உடுப்பைப் போட்டுக்கொண்டு போகச் சொன்னார். அவர்கள் லயத்து வாசலுக்கு வெளியிலேயே நின்று, எனக்கு அம்மை, லேகியத்தைத் தின்று சுகமென்று நினைத்துப் புறப்பட்டதை ஐயா தடுத்துவிட்டார், அதனால் வரமுடியவில்லை என்று சொல்லிவிட்டு மாலையில் திரும்பி வந்தான்.

"என்ன சொன்னா?"

"வராட்டிக் கோவமில்லையாம். வந்தாத்தான் கோவமாம்."

"அழுதாளா?"

"எங்கிட்ட அழுகல. ஒனக்கு லேகியம் வாங்கிக் குடுத்தது யாருன்னு கேட்டாங்க. நான் தெரியாதுன்னுட்டேன்."

அதற்குப் பிறகு நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு காலையும் மருந்துக் காம்பராவின் பின்பக்கத்தில் சட்டையைக் கழற்றிக்கொண்டு நிற்பேன். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதுகு, தலைமயிர், காதுக்குப் பின்பக்கம் எல்லாம் பார்ப்பார். காய்ச்சல் நின்ற பிறகும் விடவில்லை. கடைசிக் கொப்புளம் கருகிப் பொருக்கான பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் மூன்று நாள் நிறுத்தி வைத்தார். பிறகு, இனி என்னிடமிருந்து தொற்றாது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். யாரும் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பயமில்லாத பயணம். பண்டாரவளையில் இறங்கி உங்கள் அம்மாவுக்குப் பிடித்த பேரிக்காய் வாங்கினேன்.

மாமியார் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "அங்கனயே நில்லுங்க மாப்புள" என்று ஐயாவின் காகிதத் துண்டை வாங்கி, வாசிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையைத் திருப்பி, கழுத்தை எட்டிப் பார்த்து, அவர் பங்குக்கும் ஒரு சோதனை செய்தார். அதற்குள் உங்கள் அம்மா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். முகத்தில் ஒரு புள்ளி இல்லை. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"மூக்குல ஒன்னு குழி விழுந்துருச்சே. இனி ஒங்களுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

"அதான் குடுத்துட்டாங்களே."

"தெரியாமக் குடுத்துட்டாங்க" என்று சிரித்தாள். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். போன கிழமை கிளினிக்கில் பார்த்தார்களாம், பிள்ளை தானாகவே திரும்பித் தலை கீழே வந்துவிட்டதாம். என் கையைப் பிடித்து மேல் வயிற்றில் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே இருந்து நீ ஓங்கி ஒரு உதை விட்டாய். மாமியார் பேரிக்காயைக் கழுவிக் கொண்டுவந்து தட்டில் வைத்தார். மூன்று பேரும் வாசற்படியில் உட்கார்ந்து, ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.